காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி உண்டா? பந்திங் வட்டார லோரி ஓட்டுநர்களும் நெகிழ்வு நேர வேலையும்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பந்திங் கடைவீதிச் சுவர்களிலும், தெலுக் பங்லிமா காராங் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையோரக் கம்பங்களிலும், இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே மாதிரியான அறிவிப்பு அடிக்கடி கண்ணில் படுகிறது: லோரி ஓட்டுநர் தேவை, இ லைசென்சும் (கனரக லோரிக்கான உரிமம்) ஜிடிஎல்லும் (கூலிக்குச் சரக்கு ஓட்டுவதற்கான உரிமம்) இருக்க வேண்டும், வேலை நேரம் நெகிழ்வானது. முதல் இரண்டு நிபந்தனைகளில் குழப்பம் இல்லை. மூன்றாவதைப் படிப்பவர், தமக்கு வசதிப்பட்ட நேரத்தில் வேலை செய்யலாம் என்று எடுத்துக்கொள்கிறார். அறிவிப்பை ஒட்டிய நிறுவனமோ, தான் அழைக்கும் நேரத்தில் ஆள் வர வேண்டும் என்ற பொருளில் எழுதியிருக்கக்கூடும். இரண்டு வகை வேலையும் இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய எளிய வழி, சரக்கு ஏற்றவும் இறக்கவும் ஓட்டுநர் காத்துக்கிடக்கும் நேரத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று பார்ப்பதுதான்.

பந்திங் அமைந்திருக்கும் கோல லங்காட் மாவட்டம் நெடுங்காலம் தோட்டப்புறமாகவே இருந்தது. கேரித்தீவு, ஜுக்ரா, புரூக்லண்ட்ஸ் ஆகிய பெயர்களைக் கேட்டால் இன்றைக்கும் வயதானவர்களுக்கு லயத்து வீடும் விடியற்காலைப் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பும்தான் நினைவுக்கு வரும். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பிறகு செம்பனை நிலத்தின் ஒரு பகுதியும் வீடமைப்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் போனது. கிழக்கே, பிராங் பெசார் முதலான தோட்டங்கள் இருந்த மண்ணில் புத்ராஜெயா எழுந்தது; அங்கிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் பல டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்கு வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. 1998 ஜூனில் சிப்பாங்கில் புதிய விமான நிலையம் திறந்தது. மேற்கே புலாவ் இண்டாவில் வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகம் வளர்ந்தது. எஸ்கேவிஇ எனப்படும் தென் கிள்ளான் பள்ளத்தாக்கு விரைவுச்சாலை இந்தப் பகுதியை அத்துறைமுகத்தோடு இணைத்தது. ஆக, விமானச் சரக்குக்கும் கப்பல் சரக்குக்கும் நடுவே, ஷா ஆலம் கிடங்குகளுக்கு எட்டும் தூரத்தில், பந்திங் உட்கார்ந்திருக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறிய தலைமுறைக்கு லோரி வாசலுக்கே வந்து நின்றது என்று சொன்னால் மிகையாகாது.

இன்னொரு காரணமும் உண்டு. செம்பனைத் தோட்டத்து வெளிக்காட்டு வேலை பெரும்பாலும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களிடம் போய்விட்டது. தொழிற்சாலைத் தளங்களிலும் அந்நியத் தொழிலாளர்களே நிறைந்திருக்கிறார்கள். சரக்கு வாகனம் ஓட்டுவதற்கான தொழில்முறை உரிமமோ குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. பள்ளிப் படிப்பு எஸ்பிஎம் தேர்வோடு நின்றுபோன உள்ளூர்ப் பையனுக்கு, மலிவுக் கூலி ஆளோடு போட்டியிடத் தேவையில்லாத வேலைகள் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. லோரி அவற்றுள் ஒன்று. ஓட்டுநர் பற்றாக்குறை பற்றிப் போக்குவரத்து நிறுவனங்கள் ஓயாமல் குறைபட்டுக்கொள்கின்றன. பற்றாக்குறையான தொழிலில் தொழிலாளியின் கை ஓங்கியிருக்க வேண்டும். அப்படி ஓங்காததற்குக் காரணம் சம்பளம் கணக்கிடப்படும் முறையில் இருக்கிறது.

உரிமம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சரக்கில்லாத எடை 3,500 கிலோவுக்கு மேற்படாத சிறு லோரியை டி லைசென்ஸ் வைத்திருப்பவர் கையாளலாம். 5,000 கிலோ வரை இ2, 7,500 கிலோ வரை இ1, அதற்கு மேல் முழு இ. டி லைசென்ஸ் 17 வயதில் கிடைக்கும். இ லைசென்சுக்கு 21 ஆக வேண்டும். கூலிக்குச் சரக்கு ஓட்டுவதற்கான ஜிடிஎல் இவற்றுக்கு மேல் தனி. பள்ளியை முடித்ததற்கும் இ லைசென்சுக்கும் இடைப்பட்ட அந்த வருடங்களில்தான் பலர் கெலிண்டானாக, அதாவது ஓட்டுநரின் உதவியாளாக, லோரியின் இடப்பக்க இருக்கையில் ஏறுகிறார்கள். கன்வஸ் கட்டுவது, பாலட்டைச் சரியான வரிசையில் அடுக்குவது, குறுகலான சந்தில் பின்பக்கம் வரும் லோரிக்குக் கைகாட்டுவது, எந்தக் கடை முதலாளி எந்த நேரத்தில் நல்ல மனநிலையில் இருப்பார் என்று தெரிந்துவைத்திருப்பது எல்லாம் அந்த இருக்கையில் கற்றுக்கொள்வதுதான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி இதில் எதையும் சொல்லித்தருவதில்லை.

இனி, வேலை நேரம் ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கிறது என்பதைப் பார்ப்போம். கிள்ளான் பள்ளத்தாக்கின் முக்கியச் சாலைகளில் காலையும் மாலையும் நெரிசல் நேரங்களில் கனரக வாகனங்களுக்குத் தடை இருப்பதால், பெரிய லோரிகள் அதற்கு முன்னதாகவே உள்ளே போய்விட வேண்டும், இல்லாவிட்டால் ஓரங்கட்டிக் காத்திருக்க வேண்டும். பேரங்காடிகள் சரக்கை நினைத்த நேரத்தில் வாங்கிக்கொள்வதில்லை. ஒவ்வொரு சப்ளையருக்கும் ஒரு நேரம் ஒதுக்குகின்றன. செலாயாங் மொத்தச் சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகும் லோரி இரவில் கிளம்புகிறது. வெட்டிய செம்பனைக் குலை நேரம் ஆக ஆக எண்ணெயின் அமிலம் ஏறித் தரம் கெடும் என்பதால், சிறுதோட்டக்காரர்களின் குலைகளை ஆலைக்குக் கொண்டுபோகும் லோரிக்கு ஞாயிறு திங்கள் கிடையாது. இணைய வணிகம் வந்த பிறகு நவம்பர் 11, டிசம்பர் 12 ஆகிய மலிவு விற்பனை நாள்களை ஒட்டிப் பொட்டலங்கள் மலையாகக் குவிகின்றன. பெருநாள் காலங்களிலோ சில நாள்களுக்குச் சரக்கு வாகனங்களைச் சாலையில் விடக்கூடாது என்று அரசே தடை போடுகிறது. ஒரு வாரம் ஆள் போதாது, மறுவாரம் ஆளுக்கு வேலை போதாது. இந்த ஏற்ற இறக்கத்தின் சுமையை யாராவது தாங்கித்தான் ஆக வேண்டும். நிலையான சம்பளம் என்றால் நிறுவனம் தாங்கும். ஓட்டிய ட்ரிப்புகளை எண்ணித் தரும் ட்ரிப் காசு என்றால் ஓட்டுநர் தாங்குவார்.

பேரங்காடியின் பின்புறம் சரக்கு இறக்கும் தளத்தில் விடியற்காலையில் போய் நின்று பார்த்தால் இந்தச் சுமை எங்கே இறங்குகிறது என்று தெரியும். காவலாளி வாகன எண்ணையும் நேரத்தையும் புத்தகத்தில் குறித்துக்கொண்டு ஒரு வரிசை எண் தருகிறார். முன்னால் ஆறேழு லோரிகள் நிற்கும். எஞ்சினை ஓடவிட்டால் டீசல் கணக்கில் கேள்வி வரும் என்பதால் அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, கால்களை டேஷ்போர்டின் மேல் நீட்டிக்கொள்கிறார் ஓட்டுநர். ஆனால் உறங்கவும் முடியாது. எண்ணைக் கூப்பிடும்போது இல்லையென்றால் வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். முறை வந்து லோரியைப் பின்பக்கமாகத் தளத்தோடு ஒட்டி நிறுத்திய பிறகு, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் தேநீர் குடிக்கப் போயிருக்கலாம். சரக்கைச் சரிபார்க்கும் பெண் ஒவ்வொரு பெட்டியையும் ஸ்கேன் செய்கிறார். மூலை நசுங்கிய இரண்டு பெட்டிகளை ஒதுக்கிவைத்து, டி.ஓ. எனப்படும் சரக்கு ஒப்படைப்புத் தாளில் சிவப்பு மையால் வெட்டி எழுதி, முத்திரை குத்தித் தருகிறார். அந்த இரண்டு பெட்டிகளின் விலையும் சில இடங்களில் மாதக் கடைசியில் ஓட்டுநரின் தலையில் விடிகிறது. ஆறு மணிக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை ஒன்பதைத் தாண்டும்போது வெளியே சாலைத் தடை நேரம் தொடங்கியிருக்கும். இன்னும் கொஞ்சம் காத்திருப்பு. இத்தனைக்கும் ட்ரிப் ஒன்றுதான்.

தோட்டப்புறத்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளுக்கு முழுச் சம்பளம் இல்லை. வானிலை, மரத்தின் வயது, சந்தையின் விலை எல்லாவற்றின் ஏற்ற இறக்கமும் தொழிலாளியின் சம்பளப் புத்தகத்தில் வந்து இறங்கும். மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர்கள் பல்லாண்டுகள் கேட்டதன் காரணமும் அதுவே. குறைந்தபட்ச சம்பளம் நாட்டில் முதன்முதலாக 2013 ஜனவரியில், தீபகற்பத்துக்கு 900 ரிங்கிட் என்று நடப்புக்கு வந்தது. அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளில் கணிசமானவர்கள் இன்று மறுபடியும் எண்ணிக்கைக் கூலியில் வந்து நிற்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. அன்று கிலோ, இன்று ட்ரிப்.

ஆனால் சட்டம் அன்றைக்கு இருந்த இடத்தில் இல்லை. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், வேலை நேரம் எது என்பதைத் தெளிவாகவே வரையறுக்கிறது: தொழிலாளி முதலாளியின் வசத்தில் இருந்து, தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ள முடியாமல் இருக்கும் நேரமெல்லாம் வேலை நேரமே. சக்கரம் சுழல வேண்டும் என்றோ கையில் பெட்டி இருக்க வேண்டும் என்றோ அந்த வரையறை கேட்கவில்லை. வரிசை எண்ணோடு லோரிக்குள் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர் அங்கிருந்து போக முடியாது; எனவே அவர் வேலையில் இருக்கிறார். தளத்தில் கழியும் மூன்று மணி நேரத்தை இல்லாததாகக் கருதும் எந்தச் சம்பள முறையும் இந்த வரையறையோடு மோதுகிறது.

இதே சட்டத்தின்படி, 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்திருக்கிறது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம். தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் இடையில் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு. மிகை நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி. மிகை நேரம் மாதத்துக்கு 104 மணிக்கு மேல் போகக்கூடாது. ஷிஃப்ட் முறை என்றால் மூன்று வாரச் சராசரியைக் கொண்டு 45 மணியைக் கணக்கிட நிறுவனத்துக்கு இடமுண்டு. ஆனால் விபத்து, அவசரப் பழுது முதலான விதிவிலக்குகள் நீங்கலாக, ஒரே நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க அதற்கும் அனுமதி இல்லை. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குவோருக்கு மிகை நேரக் கூலி விதிகள் பொருந்தாது என்று பொதுவாகச் சொல்லப்படுவதைக் கேட்டு, நல்ல வருமானம் உள்ள கன்டெய்னர் லோரி ஓட்டுநர்கள் சிலர் தங்களுக்கு உரிமை இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. சரக்கு ஏற்றும் வணிக வாகனங்களை ஓட்டுபவர்களை, சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், சட்டத்தின் முதல் அட்டவணை தனியே பெயர்சொல்லி உள்ளே வைத்திருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் தொகை சிறியதாக இல்லை. 2025 பிப்ரவரி முதல் கட்டங்கட்டமாக நடப்புக்கு வந்த குறைந்தபட்ச சம்பளமான 1,700 ரிங்கிட்டை எடுத்துக்கொள்வோம். சட்டம் சொல்லும் முறைப்படி அதை 26ஆல் வகுத்தால் நாள் கூலி 65 ரிங்கிட் 38 சென்; எட்டால் வகுத்தால் மணிக்கு 8 ரிங்கிட் 17 சென்; ஒன்றரை மடங்காக்கினால் மிகை நேரம் மணிக்கு 12 ரிங்கிட் 26 சென். நாளின் எட்டு மணி நேரத்துக்கு மேல் மூன்று மணி நேரம் காத்திருப்பிலேயே போகிறது என்றால் அந்த நாளைக்கு மட்டும் 36 ரிங்கிட் 78 சென் வர வேண்டும். மாதத்தில் இருபது நாள் அப்படி அமைந்தால் 735 ரிங்கிட். ஒரு வீட்டின் மாத மளிகைச் செலவு அது. குறைந்தபட்ச சம்பள ஆணையும் ட்ரிப் காசைக் கணக்கில் எடுத்திருக்கிறது: அடிப்படைச் சம்பளம் இல்லாமல் எண்ணிக்கை, எடை, பணி, ட்ரிப், கமிஷன் ஆகியவற்றின் அடிப்படையில் மட்டும் ஊதியம் பெறும் ஊழியருக்கும் மாத வருமானம் 1,700 ரிங்கிட்டுக்குக் குறையக் கூடாது. பெருநாள் தடையாலோ சரக்கு வரத்துக் குறைந்ததாலோ ட்ரிப் அடிபட்டுப்போன மாதத்திலும் அந்தத் தளம் நிற்க வேண்டும்.

இதைவிடக் கூர்மையான விதி ஒன்று இருக்கிறது. ஏனோ அதைப் பற்றி அதிகம் பேசுவார் இல்லை. நெகிழ்வு நேரம் என்ற பெயரில் பந்திங் வட்டாரத்தில் பரவலாக நடப்பது பிளவு ஷிஃப்ட்தான். விடியற்காலை நான்கு மணிக்குக் கிடங்கில் ஏற்றி எட்டு மணிக்குள் முதல் ட்ரிப்பை முடித்ததும், வீட்டுக்குப் போய் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள், பிற்பகல் மூன்று மணிக்கு, “அண்ணே, ஒரு ட்ரிப் இருக்கு, வர்றீங்களா?” என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது, முடிக்க ஏழு மணி ஆகிறது. வேலை செய்தது எட்டே மணி நேரம், மிகை நேரம் எதுவும் இல்லை என்று நிறுவனம் சொல்லும். சட்டம் வேறு விதமாக எண்ணுகிறது. நாளின் வேலை தொடங்கிய நேரத்திலிருந்து இடைவேளைகளையும் சேர்த்துத் தொடர்ச்சியாகப் பத்து மணி நேரம்தான் ஒரு வேலை நாளின் பரப்பு. அந்தப் பத்து மணி நேரம் முடிந்த பிறகும் வேலை செய்தால், அது முடிந்ததிலிருந்து அன்றைய வேலை ஓயும் வரையிலான நேரம் முழுவதும் மிகை நேரமாகவே கொள்ளப்படும். நான்கு மணிக்குத் தொடங்கியவரின் பரப்பு பிற்பகல் இரண்டு மணிக்கே முடிந்துவிடுகிறது. இரண்டிலிருந்து ஏழு வரையிலான நேரம் அத்தனையும் ஒன்றரை மடங்குக் கூலிக்குரியது. இந்த விதியை எழுதியவர்கள் ஒருவனின் நாளை இரண்டாக வெட்டி நடுவில் வெறுமையைச் செருகும் தந்திரத்தை அறிந்தே எழுதியிருக்கிறார்கள் என்பது என் கருத்து.

சம்பளச் சீட்டில் அந்தக் காசுக்கு என்ன பெயர் வைக்கப்படுகிறது என்பதும் முக்கியம். இபிஎஃப் எனப்படும் ஊழியர் சேமநிதிக்குச் சந்தா கணக்கிடும்போது பயணப்படியும் மிகை நேரக் கூலியும் சேர்க்கப்படுவதில்லை; ஊக்கத்தொகை, கமிஷன் போன்றவை சேரும். ஆகவே ட்ரிப் காசைப் பயணப்படி என்று எழுதிவிட்டால், மாதம் 3,500 ரிங்கிட் கைக்கு வரும் ஓட்டுநருக்கு 1,700க்கு மட்டும் சந்தா போகும். முதலாளியின் 13 விழுக்காடும் தொழிலாளியின் 11 விழுக்காடும் அந்தச் சிறிய தொகையின் மேல்தான். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிலும் பயணப்படி ஊதியமாகக் கொள்ளப்படுவதில்லை என்பதால் விபத்து நேர்ந்தால் கிடைக்கும் இழப்பீடும் சுருங்கும். கையில் முழுசாகக் காசு வருகிறதே என்று இளம் வயதில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஐம்பத்தைந்து வயதில் இபிஎஃப் புத்தகத்தைத் திறக்கும்போதுதான் உறைக்கும். நசுங்கிய பெட்டிக்கான பிடித்தத்துக்கும் இதே சீட்டுதான் சாட்சி. சம்பளத்திலிருந்து எவற்றையெல்லாம் பிடிக்கலாம் என்பதை வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது. முதலாளி நினைத்ததையெல்லாம் பிடிக்க அதில் இடம் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும்: இவையெல்லாம் ஊழியர்களுக்கு, நாங்கள் எடுப்பது சொந்தக் கணக்கில் ஓட்டுபவர்களை, என்று பல நிறுவனங்கள் சொல்கின்றன. எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லாத நிலையில் யாரை ஊழியராகக் கொள்வது என்பதற்கு 2023இல் நடப்புக்கு வந்த திருத்தம் 101சி என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. வேலை செய்யும் விதம் மற்றவரின் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, நேரத்தை அவர் தீர்மானிக்கிறாரா, கருவியை அவர் தருகிறாரா, அந்த வேலை அவருடைய தொழிலின் பிரிக்க முடியாத பகுதியா, குறித்த கால இடைவெளியில் வரும் அந்தக் காசுதான் வருமானத்தின் பெரும்பகுதியா என்று அது அடுக்குகிறது. நிறுவனத்தின் லோரியை, நிறுவனம் சொன்ன நேரத்தில், நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு ஓட்டிப்போகும் ஒருவர் இந்தக் கேள்விகள் எவற்றுக்கும் “இல்லை” என்று பதில் சொல்ல முடியாது. அவருக்குக் கொடுக்கப்பட்ட பெயர் எதுவாக இருந்தாலும் சட்டம் அவரை ஊழியர் என்றே அனுமானிக்கும்.

சொந்தமாக ஒரு டன், மூன்று டன் லோரி வைத்துக்கொண்டு லாலாமூவ் போன்ற செயலிகளிலோ தவுக்கேமார்களிடமோ (கடை முதலாளிகளிடமோ) ஆர்டர் எடுப்பவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு நேரத்தின் மேல் உண்மையான அதிகாரம் இருக்கிறது. செயலியை அணைத்துவிட்டால் யாரும் கேட்க முடியாது. ஆனால் லோரிக்கு மாதத் தவணை, இன்சூரன்ஸ், டயர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாகனப் பரிசோதனை எல்லாம் அவர்களுடையவை. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை ஒரே இரவில் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்கு ஏறியபோது, தகுதி பெற்ற சரக்கு வாகனங்களுக்கு மானிய டீசலுக்கான ஃப்லீட் கார்டு மூலம் பழைய விலையே தொடர்ந்தது. அந்தக் கார்டு முறைக்குள் வராத சிறுவண்டிக்காரர்களுக்கு அந்தச் சலுகை கைக்கு எட்டவில்லை. செயலி வழி வேலை செய்பவர்களுக்காக 2025 ஆகஸ்டில் மக்களவை நிறைவேற்றிய கிக் தொழிலாளர் சட்டம், சேவை ஒப்பந்தம், தகராறு தீர்க்கும் வழி, சமூகப் பாதுகாப்புச் சந்தா ஆகியவற்றுக்கு வகைசெய்கிறது. சுயதொழில் செய்பவர்கள் பெர்கேசோவில் (சொக்சோவின் மலாய்ப் பெயர்) தாங்களே சேர்ந்துகொள்ள 2017ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்துவிட்டது. லோரி சொந்தமாக இருப்பதால் கால் முறியாது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் சொல்வதால் நெகிழ்வு நேர வேலையே பொல்லாதது என்று வாசகர் கொள்ளக்கூடாது. அதில் உண்மையான நன்மைகள் இருக்கின்றன. விடியற்காலை மூன்று மணிக்குத் தொடங்கி நண்பகலில் முடிக்கும் நிலையான ஷிஃப்ட் கிடைத்த ஓட்டுநர், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியிலிருந்து தாமே அழைத்துவர முடிகிறது. அந்த வேலையைத் தொழிற்சாலையின் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டோடு ஒப்பிடவே முடியாது. தீபாவளிக்கு முந்தின நாள் தமிழ் ஓட்டுநருக்காக மலாய் நண்பர் லோரி எடுப்பதும், ஹரி ராயா வாரத்தில் அதற்கு ஈடாக இவர் அவருடைய ட்ரிப்பை ஓட்டுவதும் இந்த வட்டாரக் கிடங்குகளில் எழுதாத ஒப்பந்தம். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர் விரத நாள்களில் இரவு ட்ரிப்பை மாற்றிக்கொள்கிறார். வயதான தாயை டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முறை கொண்டுபோக வேண்டியவருக்கு எட்டிலிருந்து ஐந்து வரை என்ற அலுவலக நேரம் ஒத்துவராது. பேசி வைத்துக்கொண்ட ட்ரிப் வேலை ஒத்துவரும். இந்த எடுத்துக்காட்டுகளுக்குப் பொதுவான ஓர் அம்சம் உண்டு: நேரம் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. அடுத்த வார அட்டவணை இந்த வாரமே ஒட்டப்படும் இடத்தில் ஓட்டுநர் தம் வாழ்க்கையை அதைச் சுற்றி அமைத்துக்கொள்கிறார். முந்தின இரவு பத்து மணிக்கு வரும் செய்தியை நெகிழ்வு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்படித் திடீரென வரும் நேரமாற்றத்தின் விலையை உடம்புதான் முதலில் கட்டுகிறது. இன்றைக்கு இரவு, நாளைக்குப் பகல், மறுநாள் விடியற்காலை என்று ஷிஃப்ட் புரண்டுகொண்டே இருந்தால் உடம்பின் உள்கடிகாரம் எதற்கும் பழகுவதில்லை. மனிதனின் விழிப்புநிலை மிகவும் தாழும் பின்னிரவு வேளையில்தான் கிள்ளான்–பந்திங் சாலையில் லோரிகள் அதிகம் ஓடுகின்றன. பிளவு ஷிஃப்டின் நடுவே கிடைக்கும் பகல் தூக்கம், தகரக் கூரை வீட்டு வெக்கையிலும் பிள்ளைகளின் சத்தத்திலும் தூக்கமாக அமைவது அரிது. 2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதி கலகத் தடுப்புப் போலீஸ் படையினர் 9 பேர் உயிரிழந்த பிறகு, கனரக வாகனங்கள் மீது நாட்டின் கவனம் திரும்பியது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை அவ்வாண்டு அக்டோபர் முதல் கட்டங்கட்டமாகப் போக்குவரத்து அமைச்சு கட்டாயமாக்கியது. தேவையான நடவடிக்கைதான். ஆயினும் கருவி எஞ்சினைக் கட்டுப்படுத்தும், சம்பள முறையைக் கட்டுப்படுத்தாது. ட்ரிப்புக்குத்தான் காசு என்னும்போது, தளத்தில் இழந்த மூன்று மணி நேரத்தை ஓட்டுநர் சாலையில்தான் ஈடுகட்டப் பார்ப்பார். வேகத்தைக் கூட்ட முடியாவிட்டால் ஓய்வைக் குறைப்பார்.

நேரத்தைப் பற்றிப் பேரம் பேச ஓட்டுநருக்குச் சட்டம் தரும் ஒரு வாசல் இன்னும் பெரும்பாலும் திறக்கப்படாமலேயே இருக்கிறது. 2023 முதல் வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60பி (60P), 60கியூ (60Q) பிரிவுகளின்படி, வேலை நேரம், வேலை நாள், வேலை இடம் ஆகியவற்றை மாற்றித் தருமாறு எந்த ஊழியரும் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை என்பதால் அதன் பலம் குறைவுதான். இருந்தாலும், ஓட்டுநர் கிடைக்காமல் அல்லாடும் தொழிலில், “திங்கள் முதல் சனி வரை விடியற்காலை நான்கு முதல் நண்பகல் வரை” என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பதிலையும் தாளில் வாங்கிக்கொள்வது, வாட்ஸ்அப்பில் அழைப்புக்காகக் காத்திருப்பதைவிட எவ்வளவோ மேல்.

சம்பளப் பாக்கியைக் கேட்டு தொழிலாளர் துறையான ஆள்பல இலாகாவில் புகார் செய்ய வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே எடுபடுவது சான்றுதான். அதை லோரி ஓட்டுநர் அறியாமலேயே தினமும் சேர்த்துக்கொண்டிருக்கிறார். காவலாளி தந்த வரிசைச் சீட்டில் உள்ளே நுழைந்த நேரம் இருக்கும். டி.ஓ. முத்திரையின் பக்கத்தில் சரக்கு இறங்கிய நேரம் இருக்கும். டோல் கார்டுக் கணக்கில் விரைவுச்சாலைக்குள் ஏறிய நேரமும் இறங்கிய நேரமும் இருக்கும். பிற்பகலில் மறுபடி அழைத்த செய்தி கைப்பேசியில் நேரத்தோடு நிற்கும். லோரியில் பொருத்திய ஜிபிஎஸ் கருவி, ஓட்டுநரைக் கண்காணிக்க நிறுவனம் வைத்தது என்றாலும், எங்கே எவ்வளவு நேரம் லோரி அசையாமல் நின்றது என்பதை நிமிடம் பிசகாமல் பதிந்துவைத்திருக்கிறது. டி.ஓ. தாளை அலுவலகத்தில் ஒப்படைக்கும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள அரை நிமிடம்கூட ஆகாது. சில கிடங்குகளில் மூத்த ஓட்டுநர்கள் புதிதாக வரும் கெலிண்டானுக்கு இப்போது முதலில் சொல்லித்தருவது கன்வஸ் முடிச்சோடு சேர்த்து இதையும்தான்.